வாதியின் மனுவில் ஒரு மனைவி

“பிரதிவாதியின் மனைவி தனபாக்கியம்” என்று வக்கீல் ஹமீதா பானு வாசித்ததும் அம்சவல்லிக்குக் காது இரண்டும் சுட்டது.

“இன்னொரு தடவை படிங்க மேடம்.”

படித்தார். இந்தத் தடவையும் அதேதான் இருந்தது.

அம்சவல்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பஞ்சநாதன் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் போய் அரைமணி நேரமாகிவிட்டது. அது சுற்றவே இல்லை.

“அப்போ நான் யாருங்க? உங்க வீட்டுக்கு நாத்துப் பறிக்க வந்தவளா?”

“அம்சா, கேஸைப் பத்திப் பேச வந்திருக்கோம்.”

“நானும் கேஸைப் பத்தித்தான் கேக்கிறேன்.”

கேஸ் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பஞ்சநாதன் சென்னையில் மோட்டார் பம்பு விற்றுக்கொண்டிருந்தான். பாங்குக்காரர்கள் கம்பெனி வாசலுக்கே வந்து கிரெடிட் கார்டு கொடுத்த காலம். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்தக் கார்டைத் தேய்த்தான். அப்பாவும் போனார், வேலையும் போனது. இரண்டாயிரத்து ஏழோடு கட்டுவதை நிறுத்திவிட்டு, பேராவூரணிப் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். பாங்கு அந்தக் கடனை எவனோ ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டது. அந்தக் கம்பெனி இப்போது வட்டிக்கு வட்டி போட்டுப் பட்டுக்கோட்டை கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறது.

தோற்றால் மூன்று மா நிலம், இருக்கிற ஒரே ஏக்கர், ஜப்திக்குப் போகும். கூலிக்கு மாரடித்த குடும்பம் அது. பஞ்சநாதனின் அப்பா பண்ணையாரோடு மல்லுக்கட்டி, கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய் வாங்கின பட்டா.

“பயப்படாதீங்க,” என்றார் ஹமீதா பானு. “இந்த மாதிரிக் கடனுக்கு மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். இவங்க போட்டது இரண்டாயிரத்துப் பதினொண்ணுல. காலாவதி ஆயிருச்சு. ஆனா ஒரு முட்டுக்கட்டை. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில உங்க வீட்டுல ஐநூறு ரூபாய் வசூல் பண்ணதா ரசீது வச்சிருக்காங்க. கடன் வாங்கினவரோ அவர் அனுப்பின ஆளோ கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டினா, அந்தத் தேதியிலேருந்து மறுபடி மூணு வருஷம்.”

“நான் யாரையும் அனுப்பலை மேடம். சத்தியமா இதைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது,” என்றான் பஞ்சநாதன்.

“அப்போ அந்தத் தனபாக்கியம் வந்து அதைச் சொல்லணும். அவங்க யாரு?”

“என் மாமன் மகள்.”

“முறைப்பொண்ணு,” என்று திருத்தினாள் அம்சவல்லி.

அந்த வைகாசி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். பச்சை உடம்புக்காரி திருவிழா முடியும்வரை ஊருக்குள் கால் வைக்கக்கூடாது. அந்த இடைவெளியில் இவள் வாசலில் இன்னொருத்தி பொண்டாட்டி ஆகியிருக்கிறாள். அதுவும் ரசீதோடு!

தனபாக்கியம் பேராவூரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பார்க்க லட்சணமானவள். வந்த மாப்பிள்ளையை எல்லாம் தட்டிக் கழித்துவிட்டுத் தனியாகவே இருந்தாள். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதது அம்சவல்லியின் தூக்கத்தில் பாதியைத் தின்றிருந்தது.

மறுநாளே போய் நின்றாள்.

“வா தங்கச்சி. எத்தனை காப்பி?”

“என்னையே ஒரு காப்பி எடுத்துட்டாங்க. பாருங்க.” மனுவை மிஷின் கண்ணாடி மேல் வைத்தாள்.

தனபாக்கியம் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். “ஐநூறு ரூபாயில கல்யாணமே முடிஞ்சிருக்கே! மேளம் கிடையாது, சாப்பாடு கிடையாது.”

“என் வாசல்ல உங்களுக்கு என்ன வேலை?”

“மஞ்சத்தண்ணி அன்னைக்கு முறைமாமன் வாசல்ல முறைப்பொண்ணுக்கு என்ன வேலையோ அதான். அத்தான் தீ மிதிச்சிருந்தாரு. குடத்தோட ஊத்தினேன். அவர் கூட்டாளிங்களோட குளத்துக்கு ஓடிட்டாரு. நான் நனைஞ்ச புடவையோட நிக்கிறேன், வெள்ளைச் சட்டைக்காரன் ஒருத்தன் பைக்கை நிறுத்தினான். எந்த ஊர்க்காரனோ. ஒருத்தி ஒரு ஆம்பளை வீட்டு வாசல்ல குடமும் ஈரமுமா நிக்கிறதைப் பாத்தா அவனுக்கு என்ன தோணும்? ‘பஞ்சநாதன் வீட்டம்மாவா?’ன்னான். கடன், திருட்டுன்னு தெருவே கேக்கிற மாதிரி கத்தினான். அத்தான் கையில காப்பு இன்னும் அவுக்கலை. அந்த நேரத்துல வாசல்ல வம்பு வேணாம்னு கையில இருந்ததைக் குடுத்தேன். நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன்.”

“வீட்டம்மாவான்னு கேட்டானே, இல்லைன்னு சொல்ல வாய் வரலையா?”

தனபாக்கியம் மிஷினைத் தட்டினாள். பச்சை வெளிச்சம் அவள் முகத்தின் மேல் ஊர்ந்து போனது.

இந்தப் பொம்பளையிடம் அம்சவல்லி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. இப்போது நிலத்தையே கேட்க வேண்டும்.

“கோர்ட்டுக்கு வந்து சொல்லணும்.”

“யார் கேக்கிறது? அத்தானா, நீயா?”

“நான்தான்.”

“அப்போ வர்றேன். அத்தான் கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்சவல்லி அந்தப் பேச்சுக்கு அர்த்தம் தேடினாள். கிடைத்த அர்த்தம் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

சாட்சி விசாரணை அன்று தனபாக்கியம் மாம்பழக் கலர் சேலையில் வந்தாள். ‘இவ கோர்ட்டுக்கு வந்தாளா, இவளைப் பொண்ணு பார்க்க வந்தாங்களா’ என்று அம்சவல்லி பல்லைக் கடித்தாள்.

கம்பெனி வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை.

“மனைவியான்னு கேட்டப்போ நீங்க மறுத்தீங்களா?”

“இல்லைங்க.”

“ஏன்?”

“அந்த ஒரு நிமிஷம் அப்படியே இருக்கட்டும்னு தோணுச்சுங்க.”

கோர்ட்டில் யாரோ இருமினார்கள். அம்சவல்லி புருஷனின் முகத்தைத் தேடினாள். அவன் தலை குனிந்திருந்தது. அந்தக் குனிந்த தலை எதற்கு என்று யோசித்தாள்.

வக்கீலுக்கு வழி கிடைத்துவிட்டது. “அவ்வளவு நெருக்கம்! அப்படியிருக்க, பிரதிவாதி சொல்லாமலா அவர் கடனுக்கு நீங்க பணம் கட்டினீங்க? கட்டின பிறகாவது சொன்னீங்களா?”

நெருக்கம் உண்டு என்றால் நிலம் போச்சு.

“நான் சொல்லலைங்க,” என்றாள் தனபாக்கியம். “அவரும் என்கிட்ட எதையும் சொன்னதில்லைங்க. சொல்லியிருக்க வேண்டியதைக்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தா நான் இங்க சாட்சியா நிக்க மாட்டேன்.”

ஹமீதா பானு பேனாவை மூடினார். அந்தப் பதிலுக்கு மேல் அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த மாதம் தீர்ப்பு. பிரதிவாதி அனுப்பாத ஆள் கொடுத்த பணம் கடனைப் புதுப்பிக்காது. வழக்கு காலாவதி, தள்ளுபடி. அன்றைக்கும் தனபாக்கியம் வந்திருந்தாள். சாட்சிக்குத் தீர்ப்பு நாளில் என்ன வேலை என்று அம்சவல்லிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கிற யோக்கியதை இல்லாமல் போனதுதான் கொடுமை. மூன்று மாவும் அவள் வாயால் மிஞ்சியது.

கோர்ட் வாசல் வேப்பமரத்தடிக்கு அவளைத் தனியே கூட்டிப் போய் அம்சவல்லி ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.

“இது உங்க பணம்.”

“வேணாம் தங்கச்சி.”

“வட்டியும் சேத்துத் தரவா?”

“இதை வாங்கிக்கிட்டா உனக்கு நிம்மதியாப் போயிரும். அதனாலதான் வாங்க மாட்டேன்.” தனபாக்கியம் சிரித்துக்கொண்டே பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

பேராவூரணி பஸ்ஸில் கூட்டம். காலியாக இருந்தது மூன்று பேர் உட்காரும் ஒரே ஒரு சீட்டு. பஞ்சநாதன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். தனபாக்கியம் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வழிவிட்டு நின்றாள்.

“நீங்க இந்த ஓரத்துல உக்காருங்கக்கா, படிக்கட்டுக் காத்து வரும்,” என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்சவல்லி நடுவில் உட்கார்ந்தாள்.