ஐந்தாம் தேதித் தவணை

அந்த எண் 781-ஆ, 787-ஆ என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. கடலுக்குப் போன இடத்தில் எங்கள் டிங்கிப் படகிலிருந்து விழுந்த பென்னி அண்ணன், தண்ணீரிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாரா, அது காற்றா என்பதும் அப்படித்தான். டிங்கியைக் கரைப்பக்கம் திருப்பியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ரொம்ப நேரம் தேடினேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

மூன்று வருஷம் கழித்து, அவர் மனைவி ஜாக்குலின் மைனி பாம்பூஃப்ளாட்டில் என் வீட்டுக்கு வந்தார். ஜெட்டி பக்கம் டிபன் கடை போட லோன் கேட்டிருந்தார். முதலில் கிரெடிட் ஸ்கோரைப் பார்த்துவிட்டு வாருங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம்தான் என்று பேங்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் போனில் அவருடைய பான் நம்பரையும் பிறந்த தேதியையும் போட்டேன். ஓடிபி அவர் போனுக்கு வரவேண்டும். நெட்வொர்க் இல்லை. போனை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். வராமலே போகட்டும் என்றிருந்தது.

வந்தது. நல்ல ஸ்கோர், எழுநூற்று எண்பதுக்கு மேல். நான் எந்தக் காலத்தில் கடன் வாங்கினேன் என்று சிரித்தார். கீழே இருந்தது: டிங்கி இன்ஜினுக்கு அண்ணன் வாங்கிய கடன், கூட்டுக் கடனாளியாக ஜாக்குலின். கையெழுத்துப் போட்டதே அவருக்கு மறந்திருந்தது. அண்ணன் போன பிறகும் முப்பத்தாறு மாதம், ஒரு தவணைகூடத் தவறவில்லை.

கட்டியது நான். மாதாமாதம் ஐந்தாம் தேதி ஃபெரியில் அக்கரைக்குப் போய், அண்ணனின் கடன் கணக்கில் ரொக்கமாகப் போட்டுவிட்டு வருவேன். திரும்பும்போது சீட்டைக் கிழித்துக் கடலில் போடுவேன்.

மைனி அந்த மாதங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"எங்கயோ இருக்காரு தம்பி. என் மூஞ்சில முழிக்கத்தான் வெக்கம். கடன் கட்ட மட்டும் தெரியுது, பாரு."

நான்தான் கட்டுகிறேன் என்று சொன்னால், ஏன் கட்டினாய் என்று கேட்பாரே.

டிபன் கடைப் பேச்சை விட்டுவிட்டார். இறந்தவர்களுக்கான பூசையில் அண்ணன் பெயரை வாசிக்க வேண்டாம் என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஃபெரிக்கும் ஜெட்டியில் நின்று, இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. பணம் நின்றால் நம்பிக்கையும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். ஜனவரியிலிருந்து கட்டவில்லை.

ஏப்ரலில் வந்தார். இப்போது ஸ்கோரைத் தானே பார்க்கக் கற்றிருந்தார். அறுநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது.

"இந்த மூணு மாசத்துலதான் செத்திருக்காரு," என்றார். "நான் தேடிப் போயிருந்தா உசுரோட பாத்திருப்பேன்."

"கட்டினது நான் மைனி."

போனை அணைத்து இடுப்பில் செருகினார்.

"ஆறுதலுக்குப் பொய் சொல்லாத, தம்பி."

டிங்கியைத் திருப்பியதைச் சொல்ல அதன் பிறகு நாக்கு எழவில்லை.

மைனி வளையல்களை விற்று மீதிக் கடனை அடைத்தார். இப்போது திக்லிபூரில் தங்கை ஜோஸ்லின் வீட்டில் இருக்கிறார். சர்ச் புத்தகத்தில் அண்ணன் இறந்த மாதம் அந்த ஜனவரி என்று எழுதியிருக்கிறது. அவர் உடல் கிடைக்கவில்லை. நான் பாம்பூஃப்ளாட்டில்தான் இருக்கிறேன், கடலுக்குப் போவதில்லை.