கூட்டிச் சொன்ன மூன்று வயது

சுவிட்சை அணைத்து, கீஸரின் மூடியைக் கழற்றி, மாரீஸ்வரி மீட்டரை வைத்துப் பார்த்தாள். தெர்மோஸ்டாட் போயிருந்தது. ரிசார்ட் மேலாளர் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைச் சோதனைக்கு வந்த நான்கு பேரில் அவள் ஒருத்திதான் பெண். பதினெட்டு நிமிடத்தில் புதியதை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் குழாயில் ஆவி பறந்தது. ஒன்றாம் தேதி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார் மேலாளர்.

ஆறு மாதம் மூணாறு டவுன் பயிற்சி மையத்துக்குப் போய்ப் படித்த வேலை. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்குக் 'கரண்டு மாரி' என்று பட்டமே கட்டியிருந்தார்கள். கேலி செய்த வாய்கள்தான் ஃபியூஸ் போனால் முதலில் அவள் கதவைத் தட்டின. அப்பா இல்லாத வீடு. தேயிலைக் கொழுந்து எடுக்கும் அம்மா சுருளியம்மாள் ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அதற்குள் சம்பாதித்து வெளியே ஒரு வீடு பார்த்துவிடலாம் என்பது மாரீஸ்வரியின் திட்டம்.

அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்புப் பக்கத்தில் ஒரு காகிதத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இந்த மாதத்தோடு ஓய்வு என்று எழுதியிருந்தது.

"ஒனக்கு அம்பத்தஞ்சுதானம்மா ஆகுது?"

"ஆபீசு புத்தகத்துல அம்பத்தெட்டுடி." சுருளியம்மாள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "பதினஞ்சு வயசுல என்னயக் கூட்டிட்டுப் போயி, பதினெட்டுன்னு எழுத வச்சுச்சு எங்காத்தா. இல்லாட்டி அரைச் சம்பளம்தான் குடுப்பாக. வீட்டுல அஞ்சு வயிறு. அப்பச் சோறு போட்ட மூணு வயசு, இப்ப வாசல்ல வந்து நிக்குது."

எஸ்டேட் வேலைக்குப் போகும் ஆள் இருந்தால்தான் லயத்தில் வீடு. மறுநாள் இருவரும் எஸ்டேட் ஆபீசுக்குப் போனார்கள்.

"வாடகை தாரோம் சார். மாசாமாசம் தவறாமக் கட்டிருவோம்" என்றாள் மாரீஸ்வரி.

"வாடகைக்கு விட இது லாட்ஜு இல்லம்மா. கொழுந்தெடுக்க ஒம்பேரைப் பதியிறியா, வீட்டுச் சாவியக் குடுக்கிறியா? இருபதாந்தேதிக்குள்ள சொல்லு" என்றார் கிளார்க். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொல்லித்தான் சொன்னார்.

வாடகைக்கு வீடு தேடி ஒரு வாரம் அலைந்தாள். டவுனில் ஓர் அறை மிச்சமிருந்தாலும் அதில் சுற்றுலாக்காரர்களுக்கான ஹோம்ஸ்டே பலகை தொங்கியது. ரிசார்ட்டில் தங்க இடம் உண்டு, அவளுக்கு மட்டும்.

"நீ போடி. நான் பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாகிட்ட ஒரு ஓரமாக் கெடந்துக்கிருவேன்" என்றாள் அம்மா.

"அங்க ஏற்கெனவே ஏழு பேரு படுக்காகம்மா."

அம்மாவுக்குப் போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது. பத்தொன்பதாம் தேதி மாரீஸ்வரி எஸ்டேட்டில் பெயர் பதிந்தாள். ரிசார்ட்டுக்குப் போன் செய்து வரமுடியாது என்று சொன்னபோது அழுதுவிட்டாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் பயிற்சி மையத்துச் சிவப்பிரகாஷ் மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மேட்டில் ஏறி வந்தான். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். ஆறு மாதமும் பக்கத்தில் நின்று வேலை பழக்கியவன். அவனைக் கண்டதும் அவளுக்கு உடம்பு கூசியது.

"மன்னிச்சிருங்க சார். நீங்க அம்புட்டுக் கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுத்தும்…"

"ஏனுங்க மாரீஸ்வரி, எதுக்குங்க வருத்தப்படறீங்க? மேல கேட்டுப்போட்டேனுங்க. பயிற்சி முடிச்சு மூணு மாசத்துக்குள்ள ஏதோ ஒரு வேலைல இருந்தாப் போதுமாமுங்க, வேலை கெடச்சவங்க கணக்குல சேத்திக்கலாமாமுங்க. என்ன வேலைன்னு பாரத்துல கேக்கறதே இல்லீங்க." நிஜமாகவே சந்தோஷமாக இருந்தான். "நம்ம பேட்ச்சுல நூத்துக்கு நூறுங்க! ஒரு போட்டோ மட்டும் வேணுமுங்க."

பையிலிருந்து அவளுடைய சான்றிதழை எடுத்து நீட்டினான். அவள் கொழுந்து வெட்டும் கத்திரியைச் செடிமேல் வைத்தாள். விரலெல்லாம் கொழுந்துக் கறை. ஓரத்தை மட்டும் பிடித்து நெஞ்சுக்கு நேராகத் தூக்கினாள்.

"தோட்டமும் விழுகோணுமுங்க. கொஞ்சம் பின்னால போங்க."

சரிவில் ஓரடி பின்னால் இறங்கினாள். தேயிலை இடுப்பை மறைத்தது.

"இன்னுங் கொஞ்சமுங்க."

இறங்கினாள். இப்போது செடிக்கு மேலே சான்றிதழும் முகமும் மட்டும் தெரிந்தன.

"அப்படியே நில்லுங்க. சிரிங்க."