ஈரக் கை

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான், பால் காய்ச்சினான், காபி குடித்தான். பிறகு தொட்டியடியில் நின்று பாத்திரம் தேய்த்தான். எல்லாம் நேற்றே கழுவிக் கவிழ்த்தவை.

மனைவியின் துக்கத்துக்கு வந்து இன்னும் கிளம்பாமல் இருந்த அவள் அண்ணன் எட்டிப் பார்த்தார். "மாப்ள, பளபளன்னு இருக்கறதை எதுக்குத் தேய்க்கறீங்க? ஓட்டை விழப் போகுது."

"உங்க தங்கச்சி வைத்தியம், மச்சான்."

கல்லூரியில் தொற்றிய சிகரெட்டை விட முடியாமல் அவன் படாதபாடு பட்டபோது, சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் அவள் கண்டுபிடித்த வைத்தியம் அது. காபி இறங்கியதும் நாக்கு நமநமக்கும். உடனே பாத்திரத்தைக் கையில் திணிப்பாள். "ஈரக் கையால எப்படிப் பத்த வைப்பீங்க, துரை? கை காயறதுக்குள்ள ஆசை அடங்கிடும். எனக்கும் ஒரு வேலை மிச்சம்."

அவள் போன பிறகு அவன் வாங்கிய பாக்கெட் ஜன்னலில் பிரிக்காமல் கிடந்தது. மச்சான் அதை எடுத்து நீட்டினார். "ஒண்ணு பிடிங்க மாப்ள. இப்ப யாரு கேக்கப் போறா?"

அவன் சொட்டும் கைகளைக் காட்டினான். மச்சான் பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"கடைசியா எங்களைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"எல்லாரையும் விசாரிச்சா" என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருந்தான். இன்று உள்ளதைச் சொன்னான். ஆஸ்பத்திரியில், புகைக்கக் கீழே போகலாமென்று அவன் எழுந்தபோது, அவள் அவன் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.

"கை காஞ்சு கிடக்கே. போய் அந்த டம்ளரைக் கழுவிட்டு வாங்க."