டிரா கேட்கும் முறை

கடைசி ரவுண்டில் அரைப் புள்ளி போதும். தோற்காமல் எழுந்தாலே செல்வின் மாவட்ட அணியில் சேர்ந்துவிடுவான். சேர்ந்தால் சிஸ்டர்மார் நடத்தும் பள்ளியில் செஸ் கோச் வேலை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி டாக்சி ஓட்டும் பிழைப்புக்கு அத்தோடு ஒரு பெரிய கும்பிடு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

எதிரே பழனி சண்முகப்பிரியா. முதல் இடத்தில் இருப்பவள். பரிசு வாங்க அவளுக்கும் டிரா போதும். அப்புறமென்ன, கேட்டுவிட்டு எழுந்து போக வேண்டியதுதானே என்பீர்கள். செஸ்ஸில் அப்படி நினைத்த நேரத்தில் கேட்கக் கூடாது. தன் முறை வந்ததும் காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைத் தட்டும் முன் கேட்க வேண்டும். செல்வின் ஒழுங்காக ஆடக் கற்றவன். கெட்டதும் அதனால்தான்.

கறுப்புக் காய்கள் அவனுக்கு. கரோ-கான் ஓப்பனிங், ஆட்டத்தைத் தொடங்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி. ஒரு குதிரை, அடுத்து இன்னொரு குதிரை. தூக்கத்தில் எழுப்பினாலும் அந்த வரிசை மாறாது. சண்முகப்பிரியா ராணியை ராஜாவுக்கு நேர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக அங்கே யாரும் வைப்பதில்லை. இந்தப் பாவி மனுஷன் அதைப் பார்த்தானா? டிரா கேட்கும் அவசரம். கேட்பதற்கு ஒரு நகர்த்தல் வேண்டும், அவ்வளவுதான். கை தன்பாட்டுக்கு இரண்டாவது குதிரையை எடுத்து வைத்தது.

"டிரா வச்சுக்கலாமாங்க?"

அவள் சிரித்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

"நானும் அதத்தாங்க கேக்க இருந்தேன். ஆனா செக்மேட்டு கெடக்கே. எப்படிங்க விட?"

அவளுடைய குதிரை தாவி உட்கார்ந்தது. செல்வினின் ராஜா நகர இடமில்லை. சுற்றிலும் அவன் காய்களே அடைத்து நின்றன. குதிரையை வெட்டக்கூடிய ஒரே சிப்பாய் விலகினால், அவள் ராணி நேரே ராஜாவைத் தாக்கும். மற்ற மேசைகளில் ஆட்டம் சூடு பிடிக்கவே இல்லை. அவன் கை கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

பனிமூட்டத்தில் மனைவி கேத்தரின் ஓடி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ஜன்னல் வழியாப் பாத்தேங்க, ரெண்டு பேரும் கை குடுத்தீங்க. உடனே சிஸ்டருக்குப் போன் போட்டு டிரா ஆயிருச்சுன்னு சொல்லிட்டேன். இவ்வளவு வெரசா முடிச்சிட்டீங்களே."

"தோத்தாலும் கை குடுக்கணும் கேத்தரின்," என்றான் செல்வின்.