தலை தெரியாத வண்டு

என் மனைவி கல்பனாவுக்கு ஒரு வண்டு கிடைத்துவிட்டால் போதும், புருஷன் கண்ணில் படமாட்டான். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் உழவர் குழுவின் குடோனை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் கொண்டுபோன நாஷ்டா ஆறிக்கொண்டிருந்தது. அவள் சின்ன பிரஷ்ஷால் வண்டுகளை வெள்ளைத் தாளில் தள்ளி, பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுற்றிலும் ஒரே கூச்சல். விதைநெல்லில் வண்டு விழுந்துவிட்டது. கூச்சல் போட்டவர்களில் முதல் ஆள் என் நைனா வேதகிரி.

"எல்லாம் அங்கம்மா மூட்டையில வந்ததுதான். பழைய சாக்குல கட்டிக்கினு வந்தா இன்னா ஆவும்? தூக்கி வெளிய போடு!"

அங்கம்மாள் ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து வருபவள். இத்தனை காலம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள், இந்த வருடம்தான் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தாள். வெளியே மழை. விதை நனைந்தால் இந்தப் போகம் அவளுக்கு இல்லை. தன் மூட்டைமேல் கையை வைத்தபடி நின்றாள். நைனாவை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கல்பனா நிமிர்ந்தாள்.

"அங்கம்மாக்கா மூட்டையில எடுத்தது இது. செவப்பா கீது, தலை நல்லா தெரிது பாருங்க. மாவு வண்டு. முழு நெல்ல இதால கடிக்க முடியாது. தூசு, நொய்யி தின்னுக்கினு கெடக்கும். சலிச்சா பூடும்."

இன்னொரு தாளை நகர்த்தினாள். அதில் உருளை வடிவான, கரும்பழுப்பு வண்டு.

"இத மேலேர்ந்து பாத்தா தலையே தெரியாது. கீழ மடிச்சி வெச்சிக்கினு கீது. இதான் துளைப்பான். நல்ல நெல்ல ஓட்ட போட்டு, உள்ள மாவாக்கிடும்."

"அது யார் மூட்டை?" என்றார் நைனா.

சொல்லாமல் மழுப்பியிருக்கலாம். கேட்டவர் மாமனார், ராத்திரி அதே வீட்டில் அவருக்குச் சோறு போட வேண்டும்.

"நம்ம வூட்டுதுதான் மாமா."

குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. கல்யாணத்தன்றுகூட அவளை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

நைனா நம்பவில்லை. எங்கள் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி ஊதினார். பாதி பறந்துவிட்டது. வெறும் உமி.

உள்ளங்கையில் மிஞ்சியதைத் தட்டிவிட்டார். பிறகு, "டேய், ஒரு கை புடி" என்றார். எங்கள் மூட்டையை அவர் முதுகில் ஏற்றிவிட்டேன். வாசல் கூரைச் சார்ப்பில் அதை இறக்கிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, மழையைப் பார்த்து நின்றார். நீலச் சட்டை முழுக்க வெள்ளை மாவு.

கல்பனா பிரஷ்ஷோடு அவர் பின்னால் போனாள். காலரில் ஒரு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது.

"அசையாதீங்க மாமா."

அவர் தலையைக் குனிந்து, அசையாமல் நின்றார்.