செருப்புப் பெட்டி

கீழ்த்தளத்துக் கடைசி அறையில் மெத்தைமேல் மல்லாந்து கிடந்தேன். என் மூக்குக்கு நேர் மேலே, ஆபத்தில் தப்பி வெளியேறும் வழியின் மூடி. பரிசோதனைக்கு இன்ஜினியர் நெவின் வருகிறார். அவர் குரல் கொடுத்ததும் நான் மூடியைத் தள்ளிக்கொண்டு மேல்தளத்துக்கு வரவேண்டும். வந்தால்தான் உரிமம். உரிமம் இருந்தால்தான் எகிப்தின் ஹுர்கதாத் துறைமுகத்திலிருந்து எங்கள் படகு பயணிகளோடு கிளம்பும். சமையல்காரனான எனக்கு ஏன் இந்த வேலை? நான்தான் ஒல்லியாம்!

சோதனைக்காக விளக்குகளை அணைத்துவிட்டார்கள். மதிய வெக்கை. அலை படகைத் தட்டிக்கொடுக்க, கண் சொக்கியது. படகே கரைந்துபோய், மெத்தையோடு பவளப் பாறைகளுக்கு மேல் மிதந்தேன். மஞ்சள் மீன்கள் விரலிடுக்கில் நுழைந்து போயின. என்ன சுகம்!

விழித்தபோது கும்மிருட்டு. படி எந்தப் பக்கம்? தெரியவில்லை. மூடியைத் தள்ளினேன். முதுகைக் கொடுத்து முட்டினேன். ஊஹூம், அசையவில்லை.

மேலே, நாங்கள் ரயீஸ் என்று கூப்பிடும் கேப்டன் ருஷ்தியின் குழைந்த குரல்: "வாங்க இன்ஜினியரம்மா! செருப்ப மட்டும் இந்தப் பெட்டியில போட்டுருங்க. நம்ம படகுல ராஜாவே வந்தாலும் வெறுங்கால்தான்."

தொப், தொப். செருப்புகள் என் தலைக்கு மேலேயே விழுந்தன.

"அடப்பாவி மனுஷா!" என்று கத்தினேன். மூச்சு முட்டியது. செத்தேன் என்றே நினைத்தேன்.

மூடிமேல் இருந்த கனத்த மரப்பெட்டியை இழுத்துப்போட்டு என்னைத் தூக்கிவிட்டார்கள். ருஷ்தி சிரித்தார். "செருப்புதானேம்மா, நகர்த்தியாச்சு. இந்த ஷஹாத்தா ஒரு நாடகக்காரன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரயீஸ், இப்ப நீங்க இறங்குங்க. பெட்டிய நானே மேல வைக்கிறேன்."

நெவின் அம்மா ருஷ்திக்குப் படியைக் கைகாட்டினார். ரோஷக்காரர், இறங்கிவிட்டார்.

மூடிமேல் பெட்டியை வைத்தேன். பிறகு ஒரு தட்டல். பிறகு இரண்டு கையாலும் அடிக்கும் சத்தம். ஓடிப்போய் நான்தான் பெட்டியை நகர்த்தினேன். வெளியே வந்தவர் வியர்வையில் நனைந்திருந்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பெட்டி படகின் முன்பக்கம் போன பிறகுதான் உரிமத்தில் கையெழுத்து விழுந்தது.

அடுத்த வாரம் பயணிகள் ஏறினார்கள். வருஷாவருஷம் வரும் பெரியவர் ஒருவர், பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றி அந்த மூடிமேல் விட்டார். ருஷ்தி பாய்ந்துபோய் அதைக் கையில் எடுத்தார்.

"ஏம்ப்பா, செருப்ப வாசல்ல விடறதுதானே வழக்கம்?"

"இது உள்ள வர்ற வாசல் இல்லீங்க, ஹாஜி. உசுரோட வெளிய போற வாசல்."