பள்ளிக்கூட மனையில் நான்கு முட்டைகள்

மண் தோண்டும் இயந்திரம் நின்றதும் பொறியாளருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. புதுப் பள்ளிக்கூடத்துக்கு அன்றுதான் அஸ்திவார வேலை தொடங்கியிருந்தது.

"ஒரு குருவி மூஞ்சிக்கு நேரா பாயுது சார். கீழ ஏதோ வச்சிருக்கு போல" என்றார் ஓட்டுநர், இருக்கையை விட்டு இறங்காமலேயே.

அரை மணி நேரத்தில் சூழலியல் ஆலோசகர் வந்து சேர்ந்தாள். ஆள்காட்டிக் குருவி ஒன்று அவள் தலைக்கு மேலே வட்டமிட்டு ஊரையே கூட்டியது. சரளைக்கு நடுவே, கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். மூன்று வாரம் முன்பு இந்த மனையை மூலைமுடுக்கு விடாமல் நடந்து பார்த்து, 'கூடு எதுவும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

பொறியாளர் அந்த அறிக்கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே மேடம்?"

"என்னோடதுதான். ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

"வெயில் ஒத்துக்கலையா?"

"எனக்கில்ல, முட்டைக்கு."

ஒரு முட்டையை மெதுவாகத் தண்ணீரில் விட்டாள். அது அடியைத் தொட்டபடி நெட்டுக்குத்தலாக நின்றது. புதிதாக இட்ட முட்டை படுத்துக்கொள்ளும், பொரிக்கப்போவது மேலே மிதக்கும் என்று அவள் விளக்கினாள். இது பாதி வழியில் இருக்கிறது. இட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

பொறியாளர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப நீங்க வந்தப்ப நெசமாவே இல்ல!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வரைபடத்தை இயந்திரத்தின் மூக்கு மேலேயே விரித்தாள். "ரெண்டு வாரம் இந்த மூலைய விட்டுடுங்க. மேற்குப் பக்கம் வடிகால் வெட்டணும்ல, அத முதல்ல முடிச்சா என்ன?"

அவர் தாடையைச் சொறிந்தார். "வெட்டலாம். ஆனா ஒரு நாள் கூட தாண்டக்கூடாது. அந்தக் குருவிகிட்ட கறாரா சொல்லிடுங்க."

கூட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மூன்றாம் நாளிலிருந்து பொறியாளரே அவளுக்கு போன் பண்ணத் தொடங்கினார். மழை பெய்தால் முட்டைக்கு ஏதாவது ஆகுமா? நாய் வந்தால் என்ன செய்வது? ஓட்டுநரோ மதியச் சாப்பாட்டைக் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து, நாய்களை விரட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

பதினைந்தாம் நாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கணவன்தான் எடுத்தான். பிறகு குளியலறைக் கதவைத் தட்டினான்.

"உங்க இன்ஜினியருக்குக் குழந்த பொறந்திருக்காம். நாலு!"

ஈரத்தலையோடு ஓடினாள். பஞ்சுருண்டை மாதிரி நான்கு குஞ்சுகள், பொரித்துச் சில மணி நேரம்கூட ஆகாமல், தாய்க்குப் பின்னால் புல்வெளியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் லாரிகள் நின்றன. நடுவே பொறியாளர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அவரையும் விடாமல் தாய்க்குருவி ஏசிக்கொண்டிருந்தது.

கடைசிக் குஞ்சும் புல்லுக்குள் மறைந்ததும், அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், ரிப்போர்ட்ல நாலுன்னு தெளிவா எழுதுங்க. எண்ணிப் பாத்தது நான்தான்னும் ஒரு வரி போட்டுடுங்க."

"போட்டாச்சுன்னு வச்சுக்கோங்க" என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.